அழுகண்ணிக்கு ஆலாத்தி

முத்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் "இன்னாத்துக்கு என்னிய வாயில்லாப் பூச்சி மாதிரி சொல்லிக்கினு கீற?" என்று அவளே சண்டைக்கு வந்துவிடுவாள். பஸ் கண்டக்டரோடு சண்டை, காய்கறி வண்டிக்காரரோடு சண்டை, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் லிஃப்டோடு சண்டை. மனிதர் யாரும் அகப்படாவிட்டால் செடிகொடிகளைத் திட்டுவாள். அவளுக்கு வேலை கிடைத்த இடமும் அதற்குத் தோதாகவே அமைந்தது.

தரமணியில் கண்ணாடிக் கட்டடங்களாக ஐ.டி. கம்பெனிகள் நிற்கின்றனவே, அவற்றின் முதுகுப் பக்கம் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. செம்மேட்டுக் காடு என்று பெயர். காடு என்றதும் மான், புலி என்று கிளம்பிவிடாதீர்கள். களாச்செடி, காரைமுள், நாலைந்து பனை, நடுவில் சிவப்புச் சரளைத் தரை, அவ்வளவுதான். மழைக்காலத்தில் அந்தத் தரையில் ஓரிடத்தில் தண்ணீர் கசியும். கசிகிற இடத்தில், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மட்டும், அழுகண்ணி முளைக்கும். எட்டணாக் காசு அகலத்துக்கு, தரையோடு தரையாக, சிவப்பாக ஒரு செடி. இலை நுனியெல்லாம் பனித்துளி மாதிரி பிசின். கொசுவோ ஈயோ அதில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும், இலை மெதுவாக மடங்கும், பூச்சியின் கதை முடிந்தது. அரிய செடி என்று அதற்கு ஒரு வேலி போட்டிருந்தார்கள். வேலிக்குள் புல் பிடுங்கவும் நாற்றுகளுக்குத் தண்ணீர் விடவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் முத்தம்மா.

அவள் பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டி, புருஷனை வாரிக்கொடுத்ததெல்லாம் அடையாற்றங்கரைக் குடிசையில். ஒரு நாள் லாரி வந்தது. சாமானை ஏற்று என்றார்கள், ஏற்றினாள். பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். "காக்கா மாதிரி ஒசரத்துல குந்திக்கினு கீறேன்" என்பாள். அங்கிருந்து பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து, காலையில் வேலைக்கு வந்தால் சாயங்காலம்தான் திரும்புவாள். மண்ணில் கால் படுகிற வேலை என்பதால் அவளுக்கு இந்த அலைச்சல் பெரிதாகத் தெரியவில்லை.

காட்டுக்குப் பொறுப்பு தாரணி. அசோக் நகர்ப் பெண், செடிகளைப் பற்றிப் பெரிய படிப்பு படித்தவள். முப்பது வயதுதான் இருக்கும். முதல் நாள் முத்தம்மாவை அழைத்துப்போய், முட்டி போட்டு உட்கார்ந்து, "இதுதான் அழுகண்ணி. இதுக்காகத்தான் இவ்வளவும்" என்று காட்டினாள்.

முத்தம்மா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து வேலியைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"இதுக்கா மேடம் வேலி? கீரைன்னு கடைஞ்சா ஒரு கரண்டிக்குக் காணாதே!"

தாரணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

ஒரு நாள் முத்தம்மா புல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கண்ணெதிரே ஒரு கொசு வந்து அந்தச் செடியில் மாட்டிக்கொண்டது. இலை மடங்குகிறவரைக்கும் வேலையை விட்டுவிட்டு அப்படியே குந்தியிருந்தாள். அப்புறம் கேட் வாட்ச்மேன் ஜவஹரைக் கூவி அழைத்தாள். "யோவ், இங்க வந்து பாரு! இத்தினூண்டு இருந்துகினு கறி துன்னுது இது! கில்லாடிய்யா!" அதற்கு அன்றே சிவப்பி என்று பெயர் வைத்துவிட்டாள். காலையில் வந்ததும் "இன்னா சிவப்பி, ராத்திரி எத்தினி கொசு?" என்று விசாரிப்பு. புல் கிட்ட வந்தால் புல்லுக்கு வசவு. யாராவது வேலி ஓரம் கால் வைத்தால் அவர்கள் பரம்பரைக்கே வசவு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் ஒரு சிக்கல் வந்தது. அந்த வேலி தற்காலிக வேலி. கம்பெனி பஸ்கள் திரும்பிப் போக அந்த மேட்டின் வழியாக ஒரு பின்பாதை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், தை மாதம் ஒரு குழு வந்து பார்க்கும் என்று முடிவாயிற்று. அழுகண்ணி இந்த மண்ணில் உயிரோடு இருப்பதைக் குழு கண்ணால் பார்த்தால் மேடு நிரந்தரமாகக் காப்பாற்றப்படும். இல்லையென்றால் வேலியைப் பிரித்து ரோடு போடுவார்கள். போட்டோ எல்லாம் செல்லாது, செடி தரையில் இருக்க வேண்டும்.

முத்தம்மாவுக்கு இதில் ஒன்றுதான் காதில் விழுந்தது, வேலியைப் பிரிப்பது. ஆற்றங்கரையில் ஒரு தடவை குடிசையைப் பிரித்ததைப் பார்த்தவள் அவள். இன்னொரு தடவை பார்க்க அவளுக்கு நெஞ்சில் தெம்பில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அபிராமபுரத்திலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் இயற்கை ஆர்வலர்கள் என்று ஒரு கும்பல் வந்தது. ஆளுக்கொரு கேமரா. "அய்யோ எவ்வளவு க்யூட்!" "இதுவா? இவ்வளவு சின்னதா?" "என்ன கலர் பாரேன்!" என்று ஆளாளுக்குக் குப்புறப் படுத்துப் படம் எடுத்தார்கள். முத்தம்மா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்து மழையில்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. சிவப்பியின் பிசின் துளிகள் வற்றிப்போய், இலைகள் கொஞ்சம் துவண்டாற்போல் இருந்தன. வெயிலுக்கு அது அப்படித்தான் செய்யும், சாயங்காலம் தானாகச் சரியாகும். ஆனால் முத்தம்மாவின் கணக்கு வேறு.

"கண்ணு பட்டுடிச்சுய்யா" என்றாள் ஜவஹரிடம். "கொயந்தைய நாலு பேரு நல்லாகீதுன்னு சொன்னாலே காச்ச வந்துரும். இத்த ஒரு ஊரே வந்து சொல்லிட்டுப் போய்கீது. ஆலாத்தி எடுத்தாத்தான் சரியாவும்."

"மேடம் கோயம்புத்தூர்ல மீட்டிங்குக்குப் போயிருக்காங்க. வரட்டும், கேட்டுக்கினு செய்" என்றார் ஜவஹர்.

"கண்ணு கயிக்கிறதுக்கு யாராச்சும் லெட்டர் போட்டுக் கேட்டுக்கினு இருப்பாங்களா? நீ இன்னாய்யா ஆளு! உன் வெத்தலைப் பையில சுண்ணாம்பு இருந்தா எடு."

நியாயமாகச் சொல்லுங்கள், அவள் நினைத்ததில் என்ன தப்பு? பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தால் ஆலாத்தி எடுக்கிறோம். புதுப் பெண் மாப்பிள்ளைக்கு எடுக்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவருக்கு எடுக்கிறோம். மஞ்சளும் சுண்ணாம்பும் தண்ணீரில் கரைத்தால் ரத்தச் சிவப்பாக வரும், அதைச் சுற்றி வாசலில் ஊற்றினால் பட்ட கண் கழிந்துபோகும். வேண்டியவருக்குச் செய்வதுதானே? அவளுக்கு வேண்டியது அந்தச் செடி, செய்தாள். ஆனால் பாய் விரிக்கிற அளவு இடத்துக்குத் தட்டு போதாது என்று அவள் பக்கெட்டில் கரைத்தாள். ஜவஹரின் சுண்ணாம்பு போதாமல் பெட்டிக்கடைக்கு ஆளனுப்பி இன்னும் வாங்கினாள்.

வேலியை மூன்று சுற்று சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, கேமரா கண்ணு, எல்லாம் ஒயிஞ்சு போவட்டும்" என்று வாய் நிறையச் சொன்னாள். செடிக்கு வாசல் எது? செடி நிற்கிற இடம்தான் வாசல். அங்கேயே, தலைமேலேயே, பக்கெட்டைக் கவிழ்த்தாள். "எனக்கும் சேர்த்து ஒரு சுத்து சுத்தேன்" என்றார் ஜவஹர். "உன்மேல எவ கண்ணு வைக்கிறா?" என்றாள் முத்தம்மா. மனசு லேசாகி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் சிவப்பி கருப்பாக இருந்தது. ஒன்றிரண்டு அல்ல, எல்லாமே. தீயில் வாட்டிய மாதிரி சுருண்டு மண்ணோடு ஒட்டிக்கிடந்தன. முத்தம்மா அப்படியே குந்தி ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

தாரணி ஊரிலிருந்து நேராக அங்கே வந்தாள். மண்ணில் படிந்திருந்த சிவப்பைப் பார்த்தாள், கவிழ்ந்து கிடந்த பக்கெட்டைப் பார்த்தாள். ஜவஹர் நடந்ததைச் சொன்னார். தாரணி வேலி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"திட்டுங்க மேடம்" என்றாள் முத்தம்மா. "நாலு அறை வேணும்னாலும் அறைங்க. இப்டி கம்முனு குந்தாதீங்க, எனக்கு ஈரக்கொலையே ஆடுது."

"திட்டி என்னக்கா ஆகப்போகுது?" தாரணி கருகிய செடி ஒன்றை விரலில் எடுத்தாள். "இது சத்தே இல்லாத மண்ணுல, புளிச்ச தண்ணியில பொழைக்கிற செடி. மண்ணுல ஒண்ணும் கிடைக்காமத்தான் பூச்சியப் பிடிச்சுத் தின்னுது. சுண்ணாம்பு பட்டா இதுக்கு நெருப்புக் கொட்டின மாதிரி."

"நான் நல்லதுன்னுதான் மேடம்…"

"தெரியும்க்கா. அதான் திட்ட முடியல."

முத்தம்மா அழுதாள். புருஷன் செத்தபோதுகூட ஊரைத் திட்டிக்கொண்டே அழுதவள், இந்த முறை யாரையும் திட்டாமல் அழுதாள்.

அப்புறம் இருவரும் முழங்கால் போட்டு, சிவப்பேறிய மேல்மண்ணைக் கரண்டியால் சுரண்டினார்கள். ஷெட் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் வழிந்து நிறைகிற டிரம் ஒன்று இருந்தது. அதிலிருந்து குடம் குடமாக முத்தம்மா சுமந்து வந்து ஊற்றினாள். சுண்ணாம்பு கழுவிப்போகட்டும் என்று தாரணி சொன்னதற்குமேல் ஊற்றினாள். தண்ணீர் போயிற்று, சுண்ணாம்பு போயிற்று, செடி மட்டும் வரவில்லை. விதை மண்ணுக்குள் இருந்தால் அடுத்த மழைக்கு வந்தாலும் வரும் என்றாள் தாரணி. ஆனால் குழு அடுத்த மழைக்கா வரப்போகிறது? நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். முடியாது என்று பதில் வந்தது.

பொங்கல் கழிந்து குழு வந்தது. தலைவர் விஜயராகவன், ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர், மயிலாப்பூர்க்காரர். கூட இரண்டு அதிகாரிகள், கையில் ரோடு வரைபடத்தோடு.

முத்தம்மாவை யாரும் போ என்று சொல்லவில்லை. அவளாகவே போனாள். வெறும் தரையைச் சுட்டிக்காட்டி தாரணி "இங்கதான் இருந்தது சார்" என்று சொல்வதை நின்று கேட்க அவளால் ஆகாது. ஷெட்டுக்குப் பின்னால் போய், டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்குகிற சந்தில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த டிரம்மில் தண்ணீர் மொண்டிருக்கிறாள், கால் கழுவியிருக்கிறாள். அந்தச் சந்துக்குள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

கண்ணைத் துடைத்தபோது, கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சரளையில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தக் கட்டையில போற ஜவஹரு வெத்தலையத் துன்னுட்டு இங்கியும் வந்து துப்பிகீறான் பாரு!" அழுகையிலும் வசவு வந்துவிட்டது. தேய்த்துவிடலாம் என்று எழுந்து காலைத் தூக்கினாள்.

பொட்டு மினுக்கியது.

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. முத்தம்மா மெல்லக் குனிந்தாள். இலை. இலை நுனியில் துளி. துளியில் ஒரு கொசு கையும் காலுமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. சுவர் ஓரமாக, டிரம்மின் அடியில், சரளையோடு சரளையாக, அவள் பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தன.

"மேடம்!"

அவள் போட்ட சத்தம் பக்கத்துக் கம்பெனியின் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து ஜவஹர் தடியோடு ஓடி வந்தார். பின்னாலேயே தாரணி, அவள் பின்னால் குழு.

"யாரும் கிட்ட வராதீங்க! அங்கியே நில்லுங்க! யோவ் ஜவஹரு, கால எடுய்யா!" ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு முத்தம்மா அதட்டினாள். அதிகாரிகள் இருவரும் பயந்துபோய் நின்றுவிட்டார்கள். தாரணி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஜயராகவன் பேண்ட் சட்டையோடு அப்படியே தரையில் குப்புறப் படுத்தார், சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"அடேயப்பா!" என்றார் கடைசியில், படுத்தபடியே. "மொட்டு கூட விட்டுண்டிருக்கே! இந்த மூலைக்கு எப்படிம்மா வந்தது இது?"

தாரணி டிரம்மைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், முத்தம்மாவின் காலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "சார், இதோட விதை தூசி மாதிரி இருக்கும். இவங்க அங்க புல் பிடுங்கிட்டு, சேத்துக் காலோட வந்து இங்கதான் கால் கழுவுவாங்க. சேறோட விதையும் இங்க இறங்கியிருக்கு. கூரையிலிருந்து வந்த மழைத் தண்ணி டிரம்முலேருந்து கசியுது, வெறும் சரளை, உரம் கிடையாது. அதுக்கு வேற என்ன வேணும்?"

"பேஷ்" என்று பெரியவர் எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டினார். அங்கே என்ன ஆயிற்று என்று தாரணி முன்பே சொல்லியிருந்தாள், ஆலாத்தி உட்பட. அவர் முத்தம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "எங்காத்துல மாமி ஒரு தடவை ரோஜாச்செடிக்கு எடுத்தா. நல்லவேளை, தட்டுல எடுத்தா." அதிகாரிகள் பக்கம் திரும்பினார். "வேலியைப் பிரிக்கறதாவது! இந்த ஷெட்டும் உள்ள வர்ற மாதிரி தள்ளிப் போடுங்கோ. ரோடுக்கு வேற வழி பாத்துக்கலாம்."

அதிகாரிகளில் ஒருவர் வரைபடத்தைச் சுருட்டினார். முத்தம்மாவுக்கு உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கி, சிரிப்பும் அழுகையும் சேர்ந்தாற்போல் வந்தது. ஜவஹர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

குழு கிளம்பிப் போயிற்று. அப்போதும் முத்தம்மா அந்தச் சந்தை விட்டு வெளியே வரவில்லை. ஒற்றைக் காலிலேயே நின்றாள்.

"வாங்கக்கா, டீ சாப்பிடலாம்."

"எப்டி மேடம் வர்றது? எங்க காலு வைக்கிறது? எங்க பாத்தாலும் சிவப்பியாகீது. மெறிச்சுட்டேன்னா? போதும் மேடம், நான் செஞ்ச வரைக்கும் போதும். இனிமே நான் இந்தப் பக்கமே வரல, கேட்டாண்டயே குந்திக்கிறேன்."

தாரணி கையை நீட்டி, செடியில்லாத இடமாகப் பார்த்து அவளை மெதுவாக இறக்கிவிட்டாள். கையை விடவில்லை.

"கேட்டுல உக்காந்தா எப்படி? இது பூத்துக் காய்ச்சு முத்தட்டும். அடுத்த மழை வரட்டும். இந்தச் சேத்த நல்லா மிதிச்சுக்கிட்டு, அங்க பழைய இடத்துக்குப் போங்க, பனமரத்துக்குப் போங்க, மேட்டுக்கு அந்தப் பக்கம் போங்க. இந்தக் காடு பூரா நீங்க நடக்கணும்."

முத்தம்மா அவள் முகத்தையே பார்த்தாள். இங்கே நிற்காதே, அங்கே உட்காராதே, இது உன் இடமில்லை, சாமானை எடு, வண்டியில் ஏறு. பிறந்த நாளாக அவள் கேட்டதெல்லாம் இதுதான். நட என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டதேயில்லை.

"பூராவுமா மேடம்?" என்றாள்.

"பூராவும்க்கா."

முத்தம்மா தலையைக் குனிந்து, விரலில் செம்மண் அப்பியிருந்த தன் இரண்டு காலையும் பார்த்தாள். அன்று அவள் டிரம்மில் கால் கழுவவில்லை. அப்படியே பஸ் ஏறினாள், கண்டக்டர் முறைத்தபோது பதிலுக்குச் சண்டையும் போடவில்லை.